கழுவின கூலி

பேண்டு செட்டு கோகுல்ராஜ் தசரதனுக்குப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். பதினாலு வாத்தியம், ஒன்றைக் கழுவித் துடைத்துத் தரத் தொள்ளாயிரம். கணக்கு அவ்வளவுதான். அதில் ஒளித்து மறைக்க எதுவும் இல்லை.

கொரோனாவில் கல்யாணம், திருவிழா, சாவு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டிருந்தபோது கோகுல்ராஜின் வாத்தியங்கள் ஒன்றரை வருஷம் பெட்டியிலேயே கிடந்தன. கடைசியாக ஊதினவனின் எச்சிலோடு அப்படியே மூடி வைத்திருந்தார்கள். திறந்தபோது இரண்டு டிரம்பெட்டுக்குள் கரப்பான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மார்போடு அணைத்து ஊதுகிற பெரிய யூஃபோனியத்தைக் கவிழ்த்ததும் எலிப் புழுக்கை கொட்டியது. தசரதன் பதினோரு நாள் குந்தி உட்கார்ந்து பதினாலையும் மனிதன் வாய் வைக்கிற மாதிரி ஆக்கி வைத்தார். எடுத்துப் போக வந்த கோகுல்ராஜ் ஒரு டிரம்பெட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா பெரியவரே, பளபளன்னு கூட இல்லையே? மேல பாலீஷே போடல?”

“மேல பாலீஷ் போட ரெண்டு ரூபா புளி போதும். நான் உள்ள கழுவியிருக்கேன். மூக்க வெச்சு மோந்து பாரு.”

“உள்ள எவன் வந்து பாக்கப் போறான்? தண்ணி ஊத்திக் கழுவுனதுக்குப் பன்னெண்டாயிரமா? எங்க ஊட்ல பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு மாசத்துக்கே ரெண்டாயிரம்தான்.”

சொல்லிவிட்டு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த கல்யாணத்தில் தருகிறேன் என்றான். அடுத்த கல்யாணமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் நடுவில் தசரதன் கேட்டபோது, “ஜிபே இருந்தா சொல்லுங்க, ஒரு மூவாயிரம் போட்டு உடறேன், முடிச்சிக்கலாம்” என்று போனை எடுத்தான்.

“போன உள்ள வை” என்றார் தசரதன். “பன்னெண்டாயிரத்து அறுநூறு. உன் கையால எண்ணி என் கையில வெக்கணும். அது வரைக்கும் உன் செட்டு வாத்தியத்த நான் வெரலாலயும் தொட மாட்டேன்.”

“தொடாதீங்க. ஆரணியில தண்ணிக்கா பஞ்சம்?”

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தசரதனுக்குப் பணத்தைவிடப் பெரிய பாக்கியாக நின்றது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்த ஜன்மங்கள் அவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, படவேட்டிலிருந்து பஸ் ஏறி ஆரணிக்கு வந்தபோது தசரதனுக்குப் பதினோரு வயது. சாயப்பட்டறையில் வேலை. கச்சாப் பட்டு நூலின் பசை போக, சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கிற அண்டாவில் கழியை விட்டுப் புரட்டிக்கொண்டே நிற்க வேண்டும். எட்டு வருஷம் புரட்டினார். எந்தச் சூட்டில் பசை விடும், எந்தச் சூட்டில் நூல் சாகும் என்பதைக் கையை வைத்தே சொல்லக் கற்றது அங்கேதான். எந்தக் காலேஜிலும் அதற்குப் பட்டம் கிடையாது.

பிறகு ஒரு பேண்டு செட்டில் சேர்ந்து யூஃபோனியம் ஊதினார். அவருக்கு முன்னால் அதை மூன்று பேர் ஊதியிருந்தார்கள். மூன்று பேரின் எச்சிலும் அதற்குள் பத்திரமாக இருந்தது. சேர்ந்த ஆறாவது மாதம் உதடு முழுக்கப் புண். முதலாளி, உடம்புச் சூடு, இளநீர் குடி என்றான். தசரதன் குடித்தார். புண் ஆறவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய், நசுங்கிப்போன ஒரு டிரம்பெட்டை எடைக்கு வாங்கிவந்து, இரும்பு அறுக்கிற ரம்பத்தால் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்த்தார். உள்ளே பச்சையும் கறுப்புமாக ஒரு படலம், சாக்கடைக் குழாயில் ஒட்டியிருக்கிற மாதிரி. அதை நகத்தால் சுரண்டி மோந்தவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்தப் பாதிக் குழாய் இன்றைக்கும் அவர் வீட்டு வாசல் நிலைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. அதுதான் அவர் கடைக்குப் போர்டு. எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. போளூரிலிருந்தும் வெம்பாக்கத்திலிருந்தும் பேண்டுக்காரர்கள் அதை அடையாளம் வைத்துத்தான் வந்து சேர்ந்தார்கள். மாடி வைத்த வீடு, மகள் சங்கீதாவின் நர்சிங் படிப்பு, அவள் கல்யாணம், எல்லாமே அடுத்தவன் எச்சிலைக் கழுவிச் சம்பாதித்தது. அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

பேண்டுக்காரர்களைப் பற்றி அவருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பரோட்டாவும் சால்னாவும் தின்ற வாயைக் கொப்புளிக்காமல் ஊதுவார்கள். சோற்றுப் பருக்கை போய்க் குழாய் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். விரலால் அழுத்துகிற பிஸ்டன் இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவார்கள், அது மார்கழிப் பனியில் உறைந்து இன்னும் இறுகும். கல்யாணத்துக்கு முந்தின நாள் புளியும் சாம்பலும் போட்டு மேலே மட்டும் தேய்த்து மூஞ்சி பார்ப்பார்கள். தன் டம்ளரில் பொண்டாட்டி குடித்தால் கழுவிக் கொடு என்கிறவன், முன்பின் தெரியாத மூன்று பேர் ஊதின மவுத்பீஸைச் சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயில் வைப்பான். கேட்டால், தொழில் என்பான்.

தசரதனின் வேலை வேறு. பித்தளை வாத்தியம் என்றால் முழுசாகக் கழற்றுவார். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நீளமாக வளைகிற பிரஷ். நாலு தண்ணீர் மாற்றி, ஐந்தாவது தண்ணீர் குடிக்கிற தண்ணீர் நிறத்தில் வந்தால்தான் விடுவார். கிளாரினெட்டைத் தண்ணீரில் போடவே மாட்டார். கயிற்றில் கட்டிய பட்டுத் துணியை ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுப்பார். பட்டு ஈரத்தைக் குடிக்கும், நார் விடாது. தறியில் பாழான சேலைத் துண்டுகளை ஆரணியில் எடைக்கு வாங்கலாம். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோகுல்ராஜின் கடன் மூன்று வருஷத்தைத் தொட்டது. அவன் செட்டில் முதல் டிரம்பெட் ஊதுகிற சக்கரவர்த்தி, மற்ற நாளில் தறி நெய்கிறவன், ஒரு காலையில் இருமிக்கொண்டே வந்தான்.

“அண்ணா, ஆறு மாசமா இருமல் நிக்கல. எக்ஸ்ரே, சளி எல்லாம் பாத்துட்டாங்க. டிபி இல்லன்னு சொல்ட்டாங்க. நீ ஊதுற வாத்தியத்துல பூஞ்சை கீதான்னு டாக்டர் கேக்குறாரு.”

“உன் டாக்டர் படிச்சவரு. நான் படிக்காமயே மூணு வருஷம் முன்னாடி சொன்னேன்.”

“கொஞ்சம் பாத்துக் குடேன்ணா. உனக்குப் புண்ணியமா பூடும்.”

“அது உன் வாத்தியமா, அவன் வாத்தியமா?”

“அவன்துதான்.”

“அப்ப தொட மாட்டேன். மவுத்பீஸ் மட்டும் சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோ, எவனுக்கும் குடுக்காத. தினம் சோப்பு போட்டுக் கழுவு. மீதிய உன் மொதலாளி கிட்ட கேளு.”

சக்கரவர்த்தி போன பிறகு, உள்ளே ராட்டையில் நூல் இழைத்துக்கொண்டிருந்த பூங்காவனம் குரல் கொடுத்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக அவருடைய பெருமையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி.

“அந்த ஆளு இருமிச் சாவட்டும். நீ பன்னெண்டாயிரத்த நெனச்சிகினே சோறு துன்னு.”

“பணம் இல்லடி.”

“பின்ன?”

“பாத்திரம் தேய்க்கிறதும் இதுவும் ஒண்ணுன்னான்.”

“நான் நாப்பது வருஷமா உனக்குப் பாத்திரம் தேய்க்கிறேன். ஒரு ரூபா எண்ணி வெச்சியா?”

தசரதன் பிரஷை எடுத்து வெயிலில் காயப் போட்டார்.

அடுத்த மாதம் கோகுல்ராஜுக்குப் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று கிடைத்தது. ரைஸ் மில் அனந்தராஜ், பரம்பரை ஜைனக் குடும்பம், மகள் அனுஷாவின் மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசினார். ஞாயிறு சாயங்காலம். முன்பணம் இருபதாயிரம் ரொக்கமாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முன்னால் இருந்த டிரம்பெட்டை எடுத்தவர், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் கையை நீட்டித் தூரப் பிடித்தார்.

“என்ன தம்பி, செத்த எலி வாசனை வருது? எங்க வீட்டு வாசல்ல இத ஊதுவீங்களா? கழுவிக் கொண்டாங்க. வரும்போது நான் மோந்து பார்ப்பேன். நாத்தம் அடிச்சா முன்பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு நீங்க கெளம்பலாம்.”

இந்த இடத்தில் அறிவுள்ளவன் தசரதன் வீட்டுக்கு வந்திருப்பான். கோகுல்ராஜ் மச்சானுடைய சாயப்பட்டறைக்குப் போனான். மச்சான் பரசுராமன் வெள்ளிக்கிழமை மத்தியானம் இருபது கிலோ கச்சா நூலை அவித்து எடுத்திருந்தான். அண்டாவில் மிச்சத் தண்ணீர் ஆவி பறக்க நின்றது.

“சோப்பு கீது, சோடா கீது, சூடும் கீது. பட்டே வெளுக்குது, பித்தளை வெளுக்காதா? வீணா சாக்கடைக்குத்தான் போவப் போவுது. போட்டு எடு மாமா” என்றான் பரசுராமன்.

மச்சான் அறிவும் மாமன் அறிவும் ஒரே தராசில் சரியாக நின்றன. எட்டு டிரம்பெட், இரண்டு யூஃபோனியம், நாலு கிளாரினெட், பதினாலையும் கழற்றாமல்கூட அண்டாவில் முக்கினார்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது பித்தளை தகதகவென்று இருந்தது. கோகுல்ராஜ் செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டான். வெயிலில் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தான்.

சனிக்கிழமை காலையில் ஒத்திகைக்கு வந்த சக்கரவர்த்தி முதல் டிரம்பெட்டை எடுத்து அழுத்தினான். பட்டன் இறங்கவில்லை. இரண்டாவது எடுத்தான். அதுவும் இறங்கவில்லை. எட்டு டிரம்பெட்டிலும் இரண்டு யூஃபோனியத்திலும் ஒரு பிஸ்டன்கூட அசையவில்லை. கெட்டி ரப்பரில் செய்த கறுப்புக் கிளாரினெட்டுகள் நாலும் பாசி பிடித்த பச்சைக்குத் திரும்பி, கந்தகம் மாதிரி நாறின. துளை மூடுகிற மெத்தைகள் உதிர்ந்து பெட்டிக்குள் கிடந்தன. வேலூரில் ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். பத்து நாள் ஆகும் என்றான் அவன்.

ஒன்பது மணிக்கு தசரதன் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

தசரதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கோகுல்ராஜ் ஒரு டிரம்பெட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினான். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய் மோந்தார். பிறகு சிரித்தார். அடக்கிப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

“எந்தப் பட்டற அண்டா?”

கோகுல்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எவன் சொன்னான்?”

“எட்டு வருஷம் இந்த நாத்தத்துலதான்டா நான் நின்னேன். பட்டுப் பசை. நூல்லேர்ந்து எறங்குன பசை அத்தனையும் அந்தத் தண்ணியிலதான் கீது. சூட்டுல தண்ணியா இருக்கும், ஆறுனா வஜ்ஜிரம் மாதிரி புடிக்கும். நீ வாத்தியத்தக் கழுவல. உள்ளாற கோந்து ஊத்தி ஒட்டியிருக்க. ஆரணியில பொறந்து, பட்டறைக்காரன் ஊட்ல பொண்ணு எடுத்து, இது தெரியலன்னா உன்ன இன்னான்னு சொல்றது?”

“பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் புரோகிராம். ஜல்தியா பண்ணிக் குடுங்க. அஞ்சாயிரம் தர்றேன்.”

“பன்னெண்டாயிரத்து அறுநூறு.”

“அது பழசு.”

“பழசுதான். அது என் கைக்கு வராம நான் தொட மாட்டேன்னு சொன்னதும் பழசுதான்.”

கோகுல்ராஜின் சட்டைப் பையில் அனந்தராஜ் கொடுத்த இருபதாயிரம் புடைத்துக்கொண்டு இருந்தது. திருப்பித் தரவேண்டி வருமோ என்று கையோடு எடுத்து வந்திருந்தான். அப்போதும் அதைத் தொட அவனுக்கு மனசு வரவில்லை. முகம் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டினான்.

“கழுவுறதுதானே? நீங்க தொடவே வேணாம். எப்படின்னு மட்டும் சொல்லுங்க, நானே கழுவிக்கிறேன். இது இன்னா பெரிய ராக்கெட்டா?”

பூங்காவனம் இழைப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். தசரதன் கண்ணில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

“பலே” என்றார். “பூங்காவனம், அந்தப் பெரிய டப்பும் பிரஷும் எடுத்துக் குடு. மொதலாளிக்கு முக்காலி போடு. கிளாரினெட் நாலும் செத்துப்போச்சு, அத ஓரமா வை. போளூர் செட்டுல வாடகைக்குக் கேளு. மீதி பத்தும் உன்து.”

வேலை தொடங்கியது. கோகுல்ராஜ் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டப் போனான்.

“டேய், அவிக்கவா போற? கை பொறுக்கணும். வெச்சுப் பாரு.”

வைத்தான். “சுடுது.”

“அப்ப பச்சத் தண்ணி ஊத்து. இப்ப ஊற வை. பட்டன இழுக்காத. இழுத்தா கோடு விழும், அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். பசை தானா உடற வரைக்கும் குந்திகினு இரு.”

ஒரு மணி நேரம் குந்தி இருந்தான். முதல் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு மேலே வந்தபோது அவன் முகத்தில் கொஞ்சம் மிதப்பு வந்தது. பிரஷை உள்ளே விட்டு இழுத்தான். பசையோடு சேர்ந்து பச்சையாகவும் கறுப்பாகவும் ஏதோ நீளமாக வெளியே வந்து அவன் முழங்கையில் ஒட்டியது.

“ஐய! இது இன்னாது?”

“உன் ஆளுங்க எச்சி. மூணு வருஷத்துது. உள்ள எவன் பாக்கப் போறான்னியே, நல்லாப் பாத்துக்கோ.”

கோகுல்ராஜ் தெருவோரம் ஓடிப்போய் குமட்டினான். காலையில் தின்ற இட்லி போயிற்று. திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு தண்ணீர் மாற்றி அலசிவிட்டு, “ஒண்ணு முடிஞ்சிது” என்றான்.

“முடிஞ்சிதா? அப்ப வாய வெச்சு ஊது.”

“நான் எதுக்கு ஊதணும்? நான் மொதலாளி.”

“நீ வாய் வெக்க மாட்டேன்னா இன்னும் கழுவல. அவ்ளோதான் கணக்கு. சக்கரவர்த்திக்கு மட்டும் வாய் இரவலா வாங்குனதா?”

சுவரோரம் நின்றிருந்த சக்கரவர்த்தி இருமினான். வேண்டுமென்று இருமவில்லை. ஆனால் சரியான இடத்தில் வந்தது. கோகுல்ராஜ் அவனைப் பார்த்தான். பிறகு டிரம்பெட்டைப் பார்த்தான். மூன்றாவது தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கினான்.

மத்தியானம் ஆயிற்று. முதுகை நிமிர்த்த முடியாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். விரல் நுனி எல்லாம் ஊறிச் சுருங்கி, பிணத்தின் விரல் மாதிரி வெளுத்தது. அடித்தொண்டையில் ஒளிந்திருந்த அதிகாரம் எல்லாம் சோப்புத் தண்ணீரோடு போய், “அண்ணா, இந்த வளைவுல பிரஷ் போவல, எப்படிப் போவணும்?” என்று கேட்க ஆரம்பித்தான். தசரதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். ஒரு பிஸ்டனை அவன் இடம் மாற்றிப் போட்டபோது, மேல போட்டிருக்கிற நம்பரைப் பார்த்துப் போடடா என்று கத்தினார். ஒருமுறை யூஃபோனியம் அவன் கையிலிருந்து நழுவப் போனது. தசரதனின் இரண்டு கையும் தன்னால் முன்னே பாய்ந்தன. பித்தளைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, திரும்ப மடிக்குள் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு கணம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“எழுந்து புடிச்சாதான் இன்னா? கிரீடம் கீழ உழுந்துடுமா?” என்றாள் பூங்காவனம்.

“உழும்” என்றார் தசரதன்.

ஐந்தரை மணிக்குப் பத்தாவது வாத்தியம் முடிந்தது. ஐந்தாவது தண்ணீர் குடிக்கிற தண்ணீர் நிறத்தில் டப்பில் நின்றது. கோகுல்ராஜ் முதல் டிரம்பெட்டை எடுத்தான். யாரும் சொல்லவில்லை. அவனே மோந்து பார்த்தான். அவனே வாயை வைத்தான். ஊதத் தெரியாத வாயிலிருந்து எருமை கனைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. தெருவில் போன இரண்டு பிள்ளைகள் நின்று சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. அதைச் சக்கரவர்த்தியிடம் நீட்டினான். சக்கரவர்த்தி தன் சொந்த மவுத்பீஸை மாட்டி ஊதினான். தெரு முழுக்கத் தெளிவாகப் போயிற்று. ஊதி முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். இருமவில்லை.

“காத்து தடங்கலே இல்லாம போவுதுண்ணா” என்றான். முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோகுல்ராஜ் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். வேட்டி முழுக்கப் பச்சைக் கறை. ஊறின விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பத்துக்கே உயிரு பூட்சி” என்றான். “அன்னைக்கிப் பதினாலும் நீங்க ஒருத்தரே பண்ணீங்களா?”

“கரப்பானும் எலிப் புழுக்கையும் சேத்து.”

“ஒண்ணுக்குத் தொள்ளாயிரம்.”

“ஆமா. உங்க ஊட்ல பாத்திரம் தேய்க்கிற அம்மா இன்னும் சல்லிசா செஞ்சிருக்கும்.”

கோகுல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தான். பழக்கதோஷத்தில் ஒரு கத்தையாகப் பிரித்து நீட்டினான்.

“எண்ணி” என்றார் தசரதன்.

அவர் வலது கையை நீட்டி விரித்தார். சோப்பிலும் சோடாவிலும் ரேகை தேய்ந்துபோன உள்ளங்கை. சக்கரவர்த்தி கிட்டே வந்து நின்றான். பூங்காவனம் நிலைக்குக் கீழே, தொங்குகிற பாதிக் குழாய்க்கு அடியில் நின்றாள்.

“ஒண்ணு” என்று கோகுல்ராஜ் முதல் ஐந்நூறு ரூபாயை வைத்தான். “ரெண்டு. மூணு.” ஊறிப்போன விரலில் நோட்டுகள் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. பதினெட்டாவது நோட்டு ஓரத்தில் கிழிந்திருந்தது. தசரதன் அதையே பார்த்தார். கோகுல்ராஜ் அதை எடுத்துக்கொண்டு வேறு வைத்தான். “இருபத்து நாலு. இருபத்தஞ்சு.”

கை அப்படியே விரிந்திருந்தது.

கோகுல்ராஜ் இந்தப் பையிலும் அந்தப் பையிலும் துழாவி, நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, மடிப்பை நீவி விட்டு, மேலே வைத்தான்.